வைஃபை ஏன் பின்கட்டுக்கு வருவதில்லை?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வீட்டில் உள்ள வைஃபையைப் பற்றி. "இது என்ன, பள்ளிக்கூடத்து ஆசிரியர் பேச வேண்டிய பொருளா? கடைக்காரர் அல்லவா பேச வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளையின் பாடம் இதன் வழியாக வரத் தொடங்கிய நாள் முதல் இது ஆசிரியரின் கவலையாகவும் ஆகிவிட்டது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. எங்கள் வகுப்பில் ஆறாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி. வகுப்பு தொடங்கும்போது இருப்பாள். பத்து நிமிடத்தில் காணாமற் போய்விடுவாள். மறுபடி வருவாள், மறுபடி போய்விடுவாள். நாங்கள் அவளைச் சோம்பேறி என்று எண்ணினோம். வருகைப் பதிவேட்டில் பல நாள் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றே எழுதினோம். அவளிடம் கடுமையாகவும் பேசினோம்.

கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்த பிறகு ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் வெளிக்காட்டு வேலை செய்பவர். "சார், பிள்ளை மேல தப்பு இல்லீங்க. போன் சுத்திக்கிட்டே நிக்குது. அடுத்த மாசம் இன்னும் கூடுதலா பணம் கட்டி பெரிய பேக்கேஜ் எடுக்கலாம்னு இருக்கோம்," என்றார் தாயார். நாங்கள் சுற்றிப் பார்த்தோம். வைஃபை பெட்டி முன் கூடத்தில், இரும்பு அலமாரிக்குள், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்தது. கைக்குழந்தை இழுத்துவிடக் கூடாதென்று உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மாணவி படித்த இடமோ பின்கட்டு. தகரம் அடித்து நீட்டிய சமையற்கட்டு. வீட்டில் சத்தம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் இடையிலுள்ள நிலைப்படிக்கு அருகே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை அடித்து வைத்தோம். ஒரு காசும் செலவில்லை. அன்று மாலையே பாடம் தடையின்றி வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதிவேடுதான் எங்கள் நினைவில் இருந்தது. பிள்ளை பாடத்தை விட்டு ஓடவில்லை. பாடம்தான் பிள்ளையை விட்டு ஓடியிருக்கிறது. இதை அறியாமல் நாங்கள் தண்டித்துவிட்டோம். ஆகவேதான் இந்தப் பேச்சு.

நேயர்களே! முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணையம் நம் கைக்கு வருவது ஒரே பாதையில் அன்று; இரண்டு பாதைகளில்.

முன்பு லயத்துக்கு ஒரு பொதுக்குழாய் இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து குழாயடிக்குத் தண்ணீர் வரும். குழாயடியிலிருந்து வீட்டுக்கு நாம் வாளியிலோ ரப்பர் குழாயிலோ கொண்டுவருவோம். சமையற்கட்டில் தண்ணீர் இல்லையென்றால் என்ன செய்வோம்? குழாயடிக்குப் போய்ப் பார்ப்போம். அங்கே தண்ணீர் கொட்டுகிறதென்றால் குறை நம் ரப்பர் குழாயில். அங்கேயும் இல்லையென்றால் குறை மேலே தொட்டியில்.

வைஃபையும் இப்படித்தான். வெளியிலிருந்து வீட்டிலுள்ள பெட்டிக்கு வருவது முதற் பாதை. அது கண்ணாடி இழைக் கம்பி வழியாக வரலாம். அல்லது தொலைபேசிக் கோபுரத்திலிருந்து காற்றின் வழியாக, சிம் அட்டை போட்ட பெட்டிக்கு வரலாம். அந்தப் பெட்டியிலிருந்து நம் கைத்தொலைபேசிக்கு வருவது இரண்டாம் பாதை. இந்த இரண்டாம் பாதைக்குத்தான் வைஃபை என்று பெயர். பெட்டியைக் கடையில் ரௌட்டர் என்பார்கள். நம் மக்கள் மோடம் என்றும் சொல்வார்கள். நாம் வைஃபை பெட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு சோதனை. கைத்தொலைபேசியில் சிம் அட்டையின் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எதன் வழியாக வருகிறது என்று தெரியாமல் ஏமாந்து போவோம். பிறகு பெட்டியிலிருந்து ஆறடி தூரத்தில் நின்று, பிள்ளையின் பாடக் காணொளி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடி, பின்கட்டில் நின்றுபோனால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. பெட்டிக்கு அருகிலேயே ஓடவில்லையென்றால் குறை பெரும்பாலும் வெளியில், அல்லது பெட்டியில். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யாதீர்கள்.

பலர் கைத்தொலைபேசியின் மேல் மூலையிலுள்ள விசிறி போன்ற வைஃபைக் குறியைப் பார்த்து, "எல்லாக் கோடும் நிறைந்திருக்கிறதே, ஏன் வரவில்லை?" என்று திகைப்பார்கள். அந்தக் குறி காட்டுவது இரண்டாம் பாதையை மட்டுமே. ரப்பர் குழாய் நன்றாயிருக்கிறது என்று அது சொல்கிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று அது சொல்லாது.

இனி வீட்டுக்குள் வரும் குறையைப் பார்ப்போம்.

இந்த உரை உங்கள் வானொலிக்கு வருவதும் அலையால்தான். வைஃபை வருவதும் அதே இனத்தைச் சேர்ந்த அலையால்தான். ஆனால், வானொலி நிலையத்தின் ஒலிபரப்புக் கருவி பெரும் வலிமை உடையது. வைஃபை பெட்டியின் வலிமையோ ஒரு வாட்டில் ஒரு சிறு பங்கு. அது ஒரு சின்ன விளக்கைப் போன்றது. தூரம் போகப் போக மங்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். பத்தடியில் இருந்ததை ஒன்று என்று வைத்துக்கொண்டால் நாற்பதடியில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். இது வெறும் காற்றில். நடுவே சுவர் இருந்தால் இன்னும் குறையும்.

எந்தச் சுவர் எவ்வளவு தடுக்கும்? பலகைச் சுவர் அதிகம் தடுக்காது. செங்கல் கொஞ்சம் தடுக்கும். கம்பி போட்ட சிமெண்டுச் சுவர் அதைவிடத் தடுக்கும். தகரமோ அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி, பின்புறம் பூச்சுப் பூசிய நிலைக்கண்ணாடி எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். தண்ணீர் அலையைக் குடித்துவிடும். ஆகவே தண்ணீர்ப் பீப்பாய், மீன் தொட்டி இவற்றின் பின்னால் பெட்டியை வைக்கக் கூடாது. தோட்டத்து வீடுகளில் முன்கட்டு செங்கல்லாகவும், பின்னர் நாமே கட்டிக்கொண்ட பின்கட்டு தகரமாகவும் இருப்பது வழக்கம். பின்கட்டுக்கு வைஃபை வராததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

பெட்டியை எங்கே வைப்பது? கம்பி வழி வருகிற பெட்டியானால் வீட்டின் நடுப்பகுதியில் வையுங்கள். தரையில் வேண்டாம், ஓர் ஆள் உயரத்தில் வையுங்கள். கூரைத் தகரத்தை ஒட்டியும் வேண்டாம். அங்கே வெயில் நேரத்துச் சூடு தாங்காமல் பெட்டி தடுமாறும். துணி போட்டு மூடாதீர்கள். அழகுக்காகப் பின்னல் விரிப்பு போர்த்திவைத்த பெட்டி தொட்டால் சுடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நிறுவனத்தார் கம்பியைக் கூடத்து மூலையில் கொண்டுவந்து விட்டிருந்தால், பெட்டி அங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இழைக் கம்பியை நாமே மடக்கி இழுக்கக் கூடாது, ஒடிந்துவிடும். ஆனால் இழைக் கம்பி வந்து சேரும் பெட்டி வேறு, வைஃபை பெட்டி வேறு என்று இரண்டாக இருந்தால், இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள லேன் கம்பியை நீளமாக வாங்கி, வைஃபை பெட்டியை மட்டும் நடுவீட்டுக்குக் கொண்டுவரலாம்.

பெட்டியில் கொம்பு போல ஏரியல் இருந்தால் அதை நேராக நிமிர்த்தி வையுங்கள். கொம்பின் நுனியிலிருந்து அலை பாய்வதாகப் பலர் எண்ணி, நுனியைப் பின்கட்டை நோக்கிச் சாய்த்துவைக்கிறார்கள். அது தவறு. உளுந்து வடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகியது போல எண்ணிக்கொள்ளுங்கள். குச்சிதான் ஏரியல், அலை வடையைப் போல அதைச் சுற்றிப் பக்கவாட்டில் பரவும். குச்சியின் நுனிப் பக்கம் அலை குறைவு.

அடுத்து, பெரும்பாலான பெட்டிகள் இரண்டு வகை அலைகளைத் தருகின்றன. கைத்தொலைபேசியில் தேடினால் ஒரே பெயர் இரண்டு முறை, ஒன்றில் மட்டும் 5ஜி என்ற ஒட்டுடன், தெரியலாம். இந்த 5ஜி வேறு, கைத்தொலைபேசிச் சேவையின் 5ஜி வேறு. இங்கே அது 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையைக் குறிக்கும். மற்றொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 அவ்வளவு வேகமில்லை. ஆனால் சுவர் தாண்டிச் சற்றுத் தூரம் போகும். ஆதலால் பெட்டிக்கு அருகில் இருப்பவர் 5-ஐயும், பின்கட்டில் படிக்கும் பிள்ளை 2.4-ஐயும் எடுத்துக்கொள்ளட்டும். காணொளி வகுப்புக்கு வினாடிக்குச் சில மெகாபிட் வேகம் இருந்தால் போதும். எனவே கூடுதல் பணம் கட்டி வேகத்தைக் கூட்டுவதால் பின்கட்டுக் குறை தீராது. தொட்டியைப் பெரிதாக்கினால் ரப்பர் குழாயின் அடைப்பு நீங்குமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வைஃபை ஒருவழிப் பேச்சு அன்று. பெட்டி சொல்வது தொலைபேசிக்குக் கேட்க வேண்டும். தொலைபேசி சொல்வது பெட்டிக்குக் கேட்க வேண்டும். தொலைபேசியின் குரல் பெட்டியின் குரலைவிடச் சிறியது. அதனால்தான் சில இடங்களில் இரண்டு கோடு தெரிந்தும் பாடம் நின்றுவிடுகிறது. பெட்டி கூப்பிடுவது நமக்குக் கேட்கிறது; நாம் கொடுக்கும் பதில் அதற்குக் கேட்பதில்லை.

இனி அண்டை வீட்டு விவகாரம். லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பத்து வீடு இருந்தால் பத்துப் பெட்டி. விடியற்காலைப் பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராணி பெயர் படித்தால் எல்லாருக்கும் கேட்கும். ஒரே இடத்தில் நான்கு கிராணிகள் ஒரே நேரத்தில் பெயர் படித்தால்? யார் யாரை அழைத்தார் என்றே தெரியாது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும். வைஃபை பெட்டிகளும் ஒரே தடத்தில் பேசினால் இப்படித்தான் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து தாமதமாகும். 2.4 அலைவரிசையில் தடங்கள் பல இருந்தாலும், 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை என்று பொதுவாகக் கொள்வர். பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்த் தடத்தை மாற்றலாம். மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதைச் செய்துவிடுவார்கள். அண்டை வீட்டாரோடு பேசி, நீங்கள் 1, நாங்கள் 6, அவர்கள் 11 என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நன்மை. குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடித்த நமக்கு இது புதிதா என்ன? மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதுவும் இந்த 2.4 அலைவரிசையை ஒட்டியே வேலை செய்வதால், அது ஓடும்போது அருகிலுள்ள வைஃபை தடுமாறக்கூடும்.

விட்டு விட்டு அறுபடுவதற்கு வேறு சிறு காரணங்களும் உண்டு. மின்செருகி தளர்ந்திருக்கலாம். தொலைபேசியில் பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி போட்டிருந்தால், திரை அணைந்ததும் வைஃபை தூங்கப் போகலாம். கடவுச்சொல் லயம் முழுவதும் பரவி, பத்துப் பேர் உங்கள் பெட்டியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெட்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் போட்டால் சரியாகிவிடுவதும் உண்டு. அடிக்கடி இப்படிச் செய்ய வேண்டியிருந்தால் பெட்டிக்கு வயதாகிவிட்டது, அல்லது சூடாகிறது என்று பொருள். இடி மின்னல் வரும்போது பெட்டியின் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். நம் நாட்டில் இடி மழைக்குக் குறைவில்லை.

இவ்வளவு செய்தும் பின்கட்டுக்கு வரவில்லையென்றால் என்ன வழி? ரிப்பீட்டர் என்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்வதே அதன் வேலை. பலர் இதை வாங்கி, வைஃபை வராத அறையிலேயே செருகிவிட்டு, "ஏமாற்றிவிட்டான்," என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், வைஃபை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும். கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் நடந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாடத்துக்கு அது போதும். இதைவிட உறுதியான வழி லேன் கம்பி. பெட்டியிலிருந்து பின்கட்டுக்குக் கம்பி இழுத்து, அங்கே இன்னொரு பெட்டியை மாட்டலாம். 100 மீட்டர் வரை இந்தக் கம்பி குறையின்றி வேலை செய்யும். தகரமும் சுவரும் அதைத் தடுக்க மாட்டா.

இனி முதற் பாதைக்கு வருவோம். பெட்டிக்கு அருகிலேயே இணையம் இல்லையென்றால் என்ன செய்வது?

இழைக் கம்பி வரும் வீடானால், கம்பி வந்து சேரும் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை. கம்பி கழன்றிருக்கலாம்; எங்கேயோ அறுந்திருக்கலாம். நாம் வீட்டுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை. நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும்.

சிம் அட்டை போட்ட பெட்டியானால் நிலைமை வேறு. தோட்டங்களில் இதுவே மிகுதி. இதை நடுவீட்டில் வைக்கக் கூடாது. கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னலோரம் வைக்க வேண்டும். கோபுரம் எந்தத் திசையில் என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு சன்னலாக வைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, பெட்டியின் சிக்னல் விளக்கைப் பாருங்கள். எங்கே அதிகமோ அங்கே வையுங்கள். செம்பனை ஓலை, அதிலும் மழையில் நனைந்த ஓலை, அலையைத் தடுக்கும். மறுநடவு செய்த மரம் உயர உயர, முன்பு நன்றாக வந்த வீட்டில் குறையக்கூடும். பழைய 3ஜி மோடத்தை யாரேனும் மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை மட்டும் மெதுவாகி, விடியற்காலையில் நன்றாக ஓடினால் குறை உங்கள் வீட்டில் இல்லை, கோபுரத்தில் நெரிசல். அப்படியானால் பாடக் காணொளிகளை விடியற்காலையில் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேயர்களே! இந்த இடத்தில் ஓர் ஆசிரியர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுங்கள். மூன்று நாள், காலை, மதியம், இரவு என்று, எந்த நேரத்தில், எந்த இடத்தில், ஓடியதா நின்றதா, எந்த விளக்கு எரிந்தது என்று எழுதிவையுங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து "வைஃபை சரியில்லை" என்று மட்டும் சொன்னால், "அணைத்துப் போடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தோம். மூன்று நாளாக இந்தந்த மணிக்கு இப்படி ஆனது," என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் பேச்சுக்கு எடை கூடும். புகார் எண்ணைக் கேட்டு அதே புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் கவனிக்காவிட்டால், அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. தோட்டத்தில் இருக்கிறோம் என்பதற்காகக் கிடைத்தது போதும் என்று இருக்க வேண்டியதில்லை. மாதாமாதம் நாமும் பணம் கட்டுகிறோம்.

2020 ஜூன் மாதத்தில், சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி இணையம் கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதியதை நாடே பேசியது. அந்த மாணவியின் குறை வெளியில் இருந்தது. மரம் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. எங்கள் மாணவியின் குறை ஓர் அலமாரிக்குள் இருந்தது. இரண்டையும் பிரித்து அறியத் தெரிந்தால், செய்ய வேண்டியதை நாமே செய்வோம். கேட்க வேண்டியதை உரியவரிடம் கேட்போம்.

சுருக்கமாக மீண்டும் சொல்கிறோம். ஒன்று, பெட்டிக்கு அருகில் நின்று சோதியுங்கள். இரண்டு, பெட்டியை இரும்பு, தகரம், தண்ணீர் இவற்றை விட்டு விலக்கி உயரத்தில் வையுங்கள். மூன்று, பின்கட்டுக்கு 2.4 அலையை எடுங்கள். நான்கு, ரிப்பீட்டரைப் பாதி வழியில் வையுங்கள். ஐந்து, மூன்று நாள் எழுதிவைத்த பிறகு புகார் செய்யுங்கள். இவ்வளவும் செய்த பிறகே கூடுதல் பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

அந்த மாணவியிடம் நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லை சார்" என்று சிரித்தாள். ஆனாலும் அந்த வீட்டுக்குப் போகாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம். ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை "லைன் இல்லை" என்று சொன்னால், உடனே பொய் என்று கருதிவிடாதீர்கள். எழுந்து போய், பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதே பாடம்தான்.